பத்துக்கு இரண்டு

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, பாப்பா மூவரும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அதைவிட நன்றாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளையின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல். பெரியவன் கணக்கில் தேறிவிட்டானா என்று எழுது, தேறாவிட்டாலும் எழுது.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், அப்புறம் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். தவிர, எனக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இந்த வீட்டில் நான் போன் பேசினால் சமையலறையில் இருப்பவர்கள் எனக்குப் பதில் சொல்வார்கள். இது பாப்பா காதில் விழக்கூடாத விஷயம். ஆகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

விஷயம் இதுதான். பாப்பாவுக்கு உங்கள் நகரத்தில், லிஃப்ட் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். உங்கள் மாடி அறையில் தங்கிக்கொள்ளட்டுமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீயும் உன் சுபாவப்படி, "இதெல்லாம் ஒரு கேள்வியாடி, கிளம்பி வா" என்று சொல்லியிருக்கிறாய். தங்கச்சி, அந்த வார்த்தையை நீ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மாடி அறை ஒழுகுகிறது என்று சொல். ஒழுகவில்லை என்றால், ஒழுகுகிற மாதிரி இருக்கிறது என்று சொல். மாப்பிள்ளை வழியில் யாரோ ஆறு மாதம் வந்து தங்கப் போகிறார்கள் என்று சொல். எதைச் சொல்வது என்பது உன் பொறுப்பு. சின்ன வயதில் பரீட்சைத் தாளை ஒளித்துவைத்துவிட்டு நீ அப்பாவிடம் அவிழ்த்துவிட்ட கதைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன, ஆகவே உன் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. தங்க இடம் இல்லை என்றால் அவள் போகமாட்டாள். போகாவிட்டால், நான் செய்ததைச் சரிசெய்ய எனக்கு ஒரு வருடம் கிடைக்கும். என்ன செய்தேன் என்பதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன்.

ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல் ஊரில் ஒரு குழு ஆரம்பித்தேன் என்று போன வருடம் சொன்னேன் இல்லையா, நீகூட "ஐயோ பாவம் ஊரு" என்றாயே, அந்தக் குழுதான் எல்லாவற்றுக்கும் மூலம். நோக்கத்தில் ஒரு பழுதும் கிடையாது. படித்து முடித்த பிள்ளைகள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போகிறார்கள், இங்கேயோ தண்ணீர் நிலையத்துக்கு ஆள் இல்லை, ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்துக்கு ஆள் இல்லை, குழாய் அடைத்தால் வந்து பார்க்க ஒரே ஒரு ஆள், அவரும் காலை பத்து மணிக்கு மேல் போனை எடுப்பதில்லை. ஆகவே பிள்ளைகளுக்கு இந்த ஊர் வேலைகளை அறிமுகம் செய்து, விண்ணப்பம் எழுதவும் நேர்காணலில் பேசவும் பழக்கி, இங்கேயே உட்காரவைப்பது என்று தீர்மானித்தோம். நூலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. 'நம் பிள்ளைகள் நம் ஊரில்' என்று நானே வாசகம் எழுதி, நானே பசை காய்ச்சி, தெருத்தெருவாக ஒட்டினேன். ஒன்று நம் வீட்டுக் கதவிலும் ஒட்டினேன்.

முதல் ஞாயிறு குழாய் வேலைக்காரரைப் பேச அழைத்தோம். "இந்த வேலையில உங்களுக்குப் பிடிச்சது எதுண்ணே?" என்று ஒரு பெண் கேட்டாள். மனிதர் வெகுநேரம் யோசித்து, "வீட்டுக்குப் போறதும்மா" என்றார். அடுத்த வாரம் பரிசோதனைக்கூடத்து அம்மா ஊசியோடு வந்து, ரத்தம் எடுப்பது எப்படி என்று தன் கையிலேயே குத்திக் காட்டியதில் ஒருவன் மயங்கி விழுந்தான், அவனைத் தூக்கப் போன இருவர் ஒருவர் தலையை ஒருவர் முட்டிக்கொண்டார்கள், வகுப்பு பாதியில் ஆஸ்பத்திரிக்கு மாறியது. மூன்றாவது வாரம் நேர்காணல் அறைக்குள் எப்படி நுழைவது, எப்படி அமர்வது என்று நானே நடித்துக் காட்டினேன். நூலகர் கொடுத்த நாற்காலிக்கு அடியில் சக்கரம் இருந்தது எனக்குத் தெரியாது. நான் உட்கார்ந்தேன், நாற்காலி அங்கே இல்லை. எழுந்து பார்த்தால் பதினேழு பேரும் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். 'நாற்காலியை ஒரு கையால் பிடித்தபின் அமரவும்' என்று எழுதியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள், நான் எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டார்கள்.

அந்தப் பதினேழு பேரில் பாப்பாவும் ஒருத்தி. அவள் என் மகள் என்பதால் அல்ல, இயந்திரப் படிப்பு முடித்துவிட்டு இந்த ஊர் தண்ணீர் நிலையத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றதால் வந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போனால் நிலையத்து வாசலில் நின்றுவிடுவாள். உள்ளே நாலு மோட்டார் ஓடுகிற சத்தத்தில் எது எந்த மோட்டார் என்று சொல்லுவாள். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான். நான் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் இங்கேயே இரு, இங்கேயே இரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, கெஞ்சாமலே இருக்கத் தயாராக இருந்த ஒரே ஆள் என் வீட்டில்தான் இருந்தாள். இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

தண்ணீர் நிலையத்தில் மோட்டார்களை இயக்கும் பயிற்சிப் பணியாளர் இடம் ஒன்றே ஒன்று வந்தது. தேர்வை நேர்மையாக நடத்தித் தரும்படி நகரசபை எங்கள் குழுவிடமே ஒப்படைத்தது. நேர்மை என்று சொன்னதும் என்னைக் கேட்கவேண்டுமா? தேர்வுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் மதிப்பெண் கூட்டியவன் நான். விதிகளை எல்லாம் நானே எழுதினேன். எழுத்துத் தேர்வுக்கு எழுபது, நேர்காணலுக்கு முப்பது. நேர்காணலில் மூன்று தேர்வாளர்கள், ஆளுக்குப் பத்து. தேர்வாளர்கள் தங்கள் கையாலேயே நிரப்பிய மதிப்பெண் பட்டியலை அப்படியே நிலையத்து வாசல் பலகையில் ஒட்டிவிட வேண்டும், ஆனால் யார் போட்டது என்று தெரியாமல் 'தேர்வாளர் ஒன்று, இரண்டு, மூன்று' என்று மட்டும் இருக்க வேண்டும். காத்திருப்புப் பட்டியல் கிடையாது, ஏனென்றால் அது சிபாரிசுக்குப் பின்வாசல். இந்தக் கடைசி விதியை எழுதிவிட்டு, அன்று மாலை என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டு தம்ளர் தேநீர் குடித்தேன்.

தேர்வாளர்கள் நிலையத்துப் பொறியாளர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, அப்புறம் நான். எழுத்துத் தேர்வில் பாப்பா எழுபதுக்கு அறுபத்தொன்று வாங்கி முதலாவதாக வந்தாள். இரண்டாவது, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மகன். நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், அவன் வாங்கியது நாற்பத்தெட்டு. அந்த நாற்பத்தெட்டிலும் பாதி, பாப்பா நம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து அவனுக்குப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததில் வந்தது.

நேர்காணலன்று, பாப்பாவின் முறை வருவதற்கு முன்னால் தலைமையாசிரியை என் பக்கம் சாய்ந்து, "உங்க பொண்ணு வர்றப்ப மட்டும் நீங்க கொஞ்சம் எழுந்து வெளிய போயிடுங்களேன். நாங்க ரெண்டு பேரும் போடறதை வச்சுக் கணக்குப் பண்ணிக்கலாம்" என்றார். எவ்வளவு நல்ல யோசனை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சர், முப்பத்தொரு வருஷத்துல என் கை ஒரு தடவைகூடத் தப்பினது கிடையாது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்து போயிருக்கலாம். இந்த இரண்டரை மாதமாக நான் தினமும் மனதுக்குள் எழுந்து போய்க்கொண்டேதான் இருக்கிறேன்.

பாப்பா வந்தாள். நாற்காலியை ஒரு கையால் பிடித்து அமர்ந்தாள். பாரபட்சம் இல்லை என்று காட்ட வேண்டுமே, நான் அவளை நீங்கள் என்று அழைத்து, "உங்க பேர் என்ன?" என்று கேட்டேன். "நீங்க வச்ச பேர்தான் சார்" என்றாள். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பொறியாளர் நிலையத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "மூணாவது மோட்டார்ல பேரிங் தேஞ்சிருக்கு சார். வாசல்ல நின்னாலே கேக்குது. சீக்கிரம் மாத்தலேன்னா நின்னுடும்" என்றாள். பொறியாளர் முகம் போன போக்கைப் பார்த்து நான் அவசரமாக என் கேள்விக்கு வந்தேன். எல்லோரிடமும் கேட்ட கேள்விதான். "இந்த ஊர்லயே எவ்வளவு காலம் வேலை பார்ப்பீங்க?"

இதற்கு நெட்டையன், நெஞ்சில் கை வைத்து, "உயிர் இருக்கிற வரைக்கும் இங்கதான் சார்" என்றிருந்தான். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பதில், கைகூட நான் வைக்கச் சொன்ன இடத்திலேயே இருந்தது. பாப்பா கொஞ்சம் யோசித்தாள். "வேலை நல்லா இருந்தா, என்னை மதிச்சு நடத்தினா, ரொம்ப நாள் இருப்பேன் சார்" என்றாள்.

உண்மையான பதில். மனதுக்குள் ஒன்பது போட்டேன், தங்கச்சி. பேனாவை எடுத்தேன். அப்போது எனக்கு யார் யாரோ பேசுவது கேட்டது. தையற்கடையில், 'குழு ஆரம்பிச்சதே பொண்ணுக்கு வேலை வாங்கத்தான்' என்று யாரோ சொல்கிறார்கள். நெட்டையனின் அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்க்கிறார். மற்ற இருவரும் எப்படியும் அவளுக்கு ஒன்பது, பத்து என்று போடப்போகிறார்கள், எழுத்துத் தேர்விலும் பதிமூன்று மதிப்பெண் முன்னால் இருக்கிறாள், நான் ஒருவன் குறைத்துப் போட்டால் அவளுக்கு நஷ்டம் இல்லை, என் பெயருக்கும் களங்கம் இல்லை என்று கணக்குப் போட்டேன். இரண்டு போட்டேன். பத்துக்கு இரண்டு. மற்றவர்கள் நாற்காலியிலிருந்து விழுந்திருந்தால்கூட நான் நாலு போட்டிருப்பேன்.

கூட்டிப் பார்த்தபோது நெட்டையன் எழுபத்துநான்கு, பாப்பா எழுபத்துமூன்று. இன்னொரு தடவை கூட்டினேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது, என் கை தப்பவில்லை.

வீட்டுக்கு வந்து எப்படிச் சொல்வது என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு மார்க்ல போச்சும்மா" என்றேன். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உன் அண்ணிதான் பொறுக்கமாட்டாமல், "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வழி காட்டறீங்க, நம்ம பிள்ளைக்கு ஒரு மார்க்கு கிடைக்கலியா?" என்றாள். விதி என்று ஒன்று இருக்கிறது என்று விளக்கினேன். அவள் பாத்திரத்தை வைத்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நெட்டையன் வேலையில் சேர்ந்து ஏழு வாரம் இருந்தான். எட்டாவது வாரம் திங்கட்கிழமை சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, எங்கோ தொலைவில் ஒரு செல்போன் கோபுரக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நான் போன் செய்து, "என்னப்பா, உயிர் இருக்கிற வரைக்கும் இங்கதான்னு சொன்னியே?" என்று கேட்டேன். "கோவிச்சுக்காதீங்க சார். இங்கயும் அதே கேள்வி கேட்டாங்க, நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன், உடனே எடுத்துட்டாங்க. ரொம்ப நன்றி சார்" என்றான்.

அவன் போன மூன்றாம் நாள் மூன்றாவது மோட்டார் நின்றுவிட்டது. பாப்பா சொன்ன அதே பேரிங். பாதி ஊருக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. நானும் பாப்பாவும் ஆளுக்கு இரண்டு வாளியோடு லாரி முன்னால் வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற தையற்காரர் திரும்பி, "நம்ம பிள்ளைங்க நம்ம ஊர்லன்னு ஒட்டியிருந்தீங்களே, அந்தத் தாளை நனைச்சுப் பிழிஞ்சா ஒரு வாளி வருமா சார்?" என்றார். வரிசையே சிரித்தது. பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த வாளியில் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை பொறியாளர் என்னையும் தலைமையாசிரியையையும் நிலையத்துக்கு அழைத்தார். தேநீர் வந்தது. பொறியாளர் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க பொண்ணு அன்னிக்கே சொல்லுச்சு சார். நான் அதுக்கு ஒன்பது போட்டிருக்கணும். நீங்க எப்படியும் பத்துப் போடுவீங்க, எல்லாம் சமனாகட்டும்னு அஞ்சு போட்டேன்" என்றார். தலைமையாசிரியை தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "நானும் அதேதான் நினைச்சேன். நானும் அஞ்சுதான்" என்றார். அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள். மீதியைக் கழித்துப் பார்க்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. நேர்மையான மூன்று பேர் உட்கார்ந்து, இருந்ததிலேயே நல்ல ஆளை வெளியே அனுப்பியிருக்கிறோம்.

இப்போதாவது அவளைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்துவிடலாமே என்றேன். பொறியாளர் கோப்பைத் திறந்து, காத்திருப்புப் பட்டியல் கிடையாது என்ற விதியைக் காட்டினார். புதிய அறிவிப்பு அடுத்த வருடம்தான் வரும். அந்த விதியை எழுதிய புண்ணியவானை நீ சின்ன வயதிலிருந்தே அறிவாய்.

இதற்கிடையில் பாப்பா லிஃப்ட் கம்பெனிக்கு எழுதிப்போட்டு, வேலையும் வாங்கிவிட்டாள். நான் போட்ட மதிப்பெண் உன் அண்ணிக்குத் தெரியாது, பாப்பாவுக்கும் தெரியாது. சொல்லவேண்டும் என்று எத்தனையோ தடவை தொண்டை வரைக்கும் வந்தது. சாப்பிடும்போது சொல்லலாம் என்று உட்காருவேன், 'இன்னும் கொஞ்சம் சாதம் போடு' என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். இந்த இரண்டரை மாதத்தில் எடை கூடிவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, தங்கச்சி. அவள் இங்கேயே இருந்தால் அடுத்த வருடம் அறிவிப்பு வரும்போது குழுவை விட்டு விலகி, அந்த அறையின் பக்கமே போகாமல், தெருமுனையில் நின்றுகொள்வேன். அதற்கு அவள் இங்கே இருக்க வேண்டும். ஆகவே மாடி அறை ஒழுகட்டும். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடு. பாப்பாவிடம் மூச்சுவிடாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளும். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நிம்மதியாக, என்னைப்போல் விதி எழுதுகிற ஆள் யாரும் குறுக்கே வராமல் நீண்டகாலம் வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணன்

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு, தபால்தலை ஒட்டிய உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது பாப்பா ஊருக்குப் போகத் துணிகளைப் பெட்டியில் எடுத்துவைக்க இந்த அறைக்குள் வந்தாள். நான் பரீட்சையில் பக்கத்து ஆளுக்குக் காட்டாதவன் மாதிரி காகிதத்தின்மேல் கையை வைத்து மறைத்தேன். "அத்தைக்காப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "அந்த ரெண்டு நீங்க போட்டதுதான்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பட்டியல் ஒட்டிய அன்றே வாசல் பலகையில் போய்ப் பார்த்தாளாம். தேர்வுப் பிரிவில், யாரும் முன்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக ஒற்றை எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட்டே எழுதுவோம். கை அதற்கே பழகிவிட்டது. 'தேர்வாளர் மூன்று' என்ற கட்டத்தில், மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் பூஜ்யத்தோடு எழுதியிருக்கிறேன். "ரெண்டுக்கு முன்னாடி சைபர் போடற ஆளு இந்த ஊர்ல வேற யாருப்பா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்னிக்கே என்னைக் கேட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். மார்க்குக்காக நான் போகலப்பா. ரெண்டரை மாசமா தினமும் எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க" என்றாள்.

அவள் பெட்டியை மூடிவிட்டுப் போய் வெகுநேரம் ஆகிறது. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். வாய் வரவில்லை. அவளிடம் சொல்லவேண்டியதை எல்லாம் உனக்கு எழுதி முடித்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே மேலே நான் கேட்டது எதையும் செய்யாதே. அறை ஒழுகவேண்டாம். யாரும் விருந்துக்கு வரவேண்டாம். ஜன்னல் பக்கமாகக் கட்டிலைப் போட்டு வை.

தபால்தலையைப் பிய்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பாப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை.